கசங்கின தழை

வெள்ளச்சி வில் கற்றுத்தருகிறவள். சடையன் அவளிடம் கற்றுக்கொள்கிறவன். ஆனால் சடையன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன், அவளுடைய அக்காள் நஞ்சியின் புருஷன். கீழ்நாட்டில் உப்பு விற்றுக்கொண்டிருந்தவன், நஞ்சியைக் கட்டிக்கொண்டு மலையேறினான். அதனால் வில்லைத் தொடவே அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

ஊர் சிரித்தது. கொழுந்தியாளுக்கு மாணாக்கன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சடையன் கண்டுகொள்ளவில்லை. அவனுக்கு வேறு வழி இல்லை.

சடையனுக்கும் நஞ்சிக்கும் ஒரே மகள், சிட்டு. ஏழு வயதில் காய்ச்சல் வந்தது. போய்விட்டாள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை செத்த இரண்டாம் வருஷம் தகப்பன் தன் கையால் அம்பெய்து ஒரு மிளாவைக் கொண்டுவர வேண்டும். மிளா என்றால் மானில் எல்லாம் பெரிய மான், கொம்போடு நின்றால் ஆள் உயரம் தாண்டும். தாய்வீட்டு ஆள் ஒருவர் வேட்டைக்குக் கூடப் போக வேண்டும். அந்தக் கறியை ஊருக்குச் சமைத்துப் போடுவார்கள். முதல் இலையில் தாய் உட்காருவாள். அவள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் செத்த பிள்ளையின் பெயரை ஊரில் இன்னொரு பிள்ளைக்கு வைக்கலாம்.

தாய் உட்கார வேண்டும். சிக்கல் அங்கேதான். நஞ்சி வீட்டில் இல்லை.

நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு மத்தியானம் சோறு அடிப்பிடித்துவிட்டது. சடையனுக்கு நல்ல பசி. வாசலில் நாலு பேர் நின்றார்கள்.

"பெத்த புள்ளையவே காப்பாத்தத் தெரியல. சோத்தையா காப்பாத்தப் போற?" என்று சொல்லிவிட்டான்.

நஞ்சி அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். வெள்ளச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே சடையன் அங்கே போய் நின்றான். "தெரியாம சொல்லிட்டேன், வா" என்றான். அடுத்த நாளும் போனான். பத்து நாள் விடாமல் போனான். பதினோராம் நாள் நஞ்சி மேல்குடியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஏறிவிட்டாள். சடையன் அங்கேயும் தினம் ஏறினான். இப்போது அவள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கே போகப்போகிறாள் என்று பேச்சு. அமாவாசைக்குள் புறப்படுகிறாளாம்.

வேட்டைக்குக் கிளம்பும்போது சடையன் கேட்டான்.

"ஆசானே, மிளாவைக் கொண்டுவந்துட்டா உங்கக்கா திரும்பி வருவாளா?"

"முதல்ல மிளா மேல அம்பு படட்டும், அத்தான். போன மாசம் நீங்க விட்ட அம்பு இன்னும் என் ஆட்டுப்பட்டிக் கூரையிலதான் நிக்குது."

"உனக்கு என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் சொல்லிக்குடுக்கிற?"

"சிட்டுக்குச் சோறு போட வேண்டாமா?"



இரண்டு நாள் வெறும் கால்தடம்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் காலை புல்மேட்டில் ஒரு ஆண் மிளா மேய்ந்துகொண்டிருந்தது. காற்று எதிரே இருந்து வந்தது. ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத் தவழ்ந்தே போனார்கள். முப்பது அடி தூரத்தில் சடையன் முழங்காலில் எழுந்து நாணை இழுத்தான்.

விட்டான். பட்டது.

"பட்டுருச்சு! புள்ளே, பட்டுருச்சு!" சின்னப் பையன் மாதிரி குதித்தான்.

"வாயை மூடுங்க. எங்க பட்டது?"

"மிளா மேலதான்."

"மிளா எம்மாம்பெருசு. அதுல எந்த இடம்?"

"பாக்கல."

"பட்டதும் துள்ளுச்சா, முதுகைக் கூனுச்சா?"

"பாக்கல."

"ஓடுச்சா, நடந்துச்சா?"

"நான் என் அம்பைப் பாத்துட்டு இருந்தேன். பட்டுருச்சேங்கிற சந்தோஷத்துல ஒண்ணும் தெரியல."

வெள்ளச்சி பார்த்திருந்தாள். ஆனால் சொல்லவில்லை. மிளா நின்ற இடத்துக்கு அவனைக் கூட்டிப்போனாள். புல்லில் ரத்தம் கறுப்பாக, கொழகொழவென்று கிடந்தது.

"மோந்து பாருங்க."

குனிந்தான். முகத்தைச் சுளித்தான். "சாணி நாத்தம்."

"வயித்துல பட்டிருக்கு."

"அப்ப சாகாதா?"

"சாகும். சீக்கிரம் சாகாது."

அவள் பக்கத்துச் செடியில் ஒரு தழையை ஒடித்து ரத்தத்தின் மேல் போட்டாள். அந்த மலையில் வேட்டைக்காரர்கள் எல்லோரும் செய்வது இது. அடிபட்ட மிருகத்தின் ரத்தத்தில் ஒரு பச்சைத் தழையைப் போடுவார்கள். அது வாடும்வரை யாரும் ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது. நெஞ்சில் பட்டிருந்தால் ஒரு தழை. வயிற்றில் பட்டிருந்தால் மூன்று, ஒன்று வாடிய பிறகு அடுத்தது.

"உக்காருங்க" என்றாள்.

"அது அங்க வலியில துடிக்கும். நாம இங்க உக்காந்திருக்கிறதா? பாவமில்லையா?"

"பாவம்தான். அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன். யாரும் பின்னால வரலேன்னா அது பக்கத்துலயே படுத்துக்கும். படுத்தா அப்படியே அடங்கிடும். வர்றது தெரிஞ்சா எந்திரிச்சு ஓடும். வயித்துல அம்போட ஓடும்."

"எவ்வளவு தூரம் ஓடும்?"

"நீங்க எவ்வளவு தூரம் துரத்துறீங்களோ அவ்வளவு."

உட்கார்ந்தான். தழையைப் பார்த்தான். வெயில் இன்னும் ஏறவில்லை. தழை பறித்த மாதிரியே இருந்தது. எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான்.

"அத்தான், உங்களைப் பாத்தா எனக்கே மூச்சு வாங்குது. தண்ணி எடுத்துட்டு வரேன். அசையாதீங்க."

அவள் சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் இறங்கினாள்.

அவள் தலை மறைந்ததும் சடையன் தழையை எடுத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஊதினான். அப்புறம் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். நூறு வரை எண்ணினான். எடுத்தபோது தழை துவண்டு தொங்கியது. ரத்தத்தின் மேல் திரும்பப் போட்டான். வாடிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினான். இரண்டாம் தழை, மூன்றாம் தழை எல்லாம் அவன் நினைவிலேயே இல்லை.

மிளா தூரத்தில் இல்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு பாறை நிழலில் படுத்திருந்தது. தலையைத் தரையில் வைத்திருந்தது. சருகு மிதிபட்ட சத்தத்தில் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. முன்னங்காலை ஊன்றியது. முடியவில்லை. மறுபடி ஊன்றியது. எழுந்துவிட்டது.

"ஐயோ, வேண்டாம். படு, படு" என்றான்.

அது ஓடியது. அவன் பின்னாலேயே ஓடினான். பள்ளம் வந்ததும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

அவன் திரும்பி வந்தபோது வெள்ளச்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் இருந்தது. கையில் தழை இருந்தது.

"தழை வாடிருச்சு. அதான் போனேன்" என்றான்.

அவள் அதை வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். நரம்பெல்லாம் பச்சையாக இருந்தது.

"இது வாடலை, அத்தான். கசங்கிருக்கு."

சடையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க படுத்திருந்துச்சு?"

"கூப்பிடு தூரத்துல."

"இப்ப எங்க இருக்கு?"

"தெரியல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. மிளா படுத்திருந்த இடத்துக்குப் போனார்கள். புல் நசுங்கி, இன்னும் சூடாக இருந்தது. வெள்ளச்சி அங்கே ஒரு புதுத் தழையை ஒடித்துப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து.

முதல் தழை வாடியது. இரண்டாவது வாடியது. மூன்றாவது பாதி வாடும்போது மழை வந்துவிட்டது. பெரிய மழை. ரத்தம் எல்லாம் கண்ணெதிரே கரைந்து ஓடியது.

சடையன் வானத்தைப் பார்த்துக் கத்தினான். அப்புறம் அவளைப் பார்த்துக் கத்தினான்.

"காலையிலேயே விட்டிருந்தா அங்கேயே முடிச்சிருப்பேன்! உக்காரு உக்காருன்னு எல்லாம் உன்னால..."

நிறுத்திக்கொண்டான்.

"சொல்லி முடிங்க" என்றாள்.

"தெரியாம சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க. பரவால்ல. நனையாம உள்ள வாங்க."

இருவரும் பாறைக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டார்கள். அவன் அழுதான். மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா இல்லையா தெரியாது. சட்டியில் இருந்த களியில் பெரிய பாதியை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் இறங்கினார்கள். ரத்தம் இல்லை, தடமும் இல்லை.

"எப்படித் தேடுறது?" என்றான்.

"வயித்துல காயம் பட்டா உள்ள எரியும். தண்ணி இருக்கிற பக்கம்தான் போகும். ஓடையோட போவோம். பேசாம வாங்க."

பேசாமல் போனான். கல் கல்லாகப் பார்த்துப் போனான். ஒரு இடத்தில் வழுக்கின குளம்படி ஒன்று இருந்தது. அதை முதலில் பார்த்தது அவன்தான். உச்சிப்பொழுதில் ஓடை திரும்பும் இடத்தில் மிளா கிடைத்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில் படுத்திருந்தது. வயிற்றில் அம்பு பாதி ஒடிந்து நின்றது.

உயிர் இருந்தது. ஒரு பகல், ஒரு இரவு, இன்னொரு பாதிப் பகல். இன்னும் இருந்தது.

"கிட்டப் போங்க. முன்னங்காலுக்குப் பின்னால" என்றாள்.

நாணை இழுத்தான், இறக்கினான். மறுபடி இழுத்தான். விட்டான். இந்தத் தடவை அவன் குதிக்கவில்லை. அம்பைப் பார்க்கவில்லை. மிளாவின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அது நின்ற பிறகும் ரொம்ப நேரம் நின்றான்.

வயிற்றுப் பக்கக் கறி கெட்டுப்போயிருந்தது. தொடையும் தோளும் தேறின. தலைக்கு ஒரு கவளம் வீதம் ஊருக்குப் போடலாம். ஆளுக்கு ஒரு தொடையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள். மிச்சத்தை மரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். அதை எடுத்துப்போக ஊரிலிருந்து ஆட்கள் வரவேண்டும்.

வரும் வழியில் மேல்குடிக்குப் பிரிகிற பாதை வந்தது. சடையன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"எங்க?"

"நேரா உங்கக்கா கிட்டதான். இந்தக் கறியைக் காட்டுறேன். கால்ல விழறேன். இன்னைக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

வெள்ளச்சி சுமையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

நாலு அடி போனவன் நின்றான்.

"போகக் கூடாதா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப நான் வீட்டுலயே உக்காந்திருக்கணுமா? எத்தனை நாளு? நான் உக்காந்திருக்கும்போது அவ மலையைத் தாண்டிப் போயிட்டா?"

"அக்கா மிளா இல்ல, அத்தான்."

"பின்ன நான் என்னதான் பண்ணட்டும்? நீயே சொல்லு ஆசானே. நாப்பது நாளா போனேன். ஒரு நாள் தப்பலை. மழையில போனேன். காய்ச்சலோட போனேன். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிட்டேன். இன்னும் என்ன இருக்கு?"

வெள்ளச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அந்த நாப்பது நாள்ல அக்கா உங்ககிட்ட என்ன சொன்னா?"

சடையன் நினைத்துப் பார்த்தான். நஞ்சியிடம் தான் சொன்னதெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது, ஒன்றுவிடாமல்.