பூச்சாண்டிக்கு ஒரு வாய்

“அம்மா, நீங்க வந்து ஒண்ண விரட்டித் தரணும்” என்றார் ஆவுடையப்பன்.

நாச்சியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் ஞானப் பாடம் கேட்க வருகிறவர்களில் பலர் அவளைவிட மூத்தவர்கள். ஆவுடையப்பனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

“எதை விரட்டணும்?”

“பூச்சாண்டியை.”

அவள் சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு பூச்சி அரித்த இலையைத் தனியே எடுத்துப் போட்டாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“எம்மவன் தாணுவுக்கு இன்னும் ரெண்டு வயசு முடியல. மத்தியானச் சோறு இறங்காது. எல்லா வீட்டுலயும் சொல்லுததுதானே. நானும் வாசலப் பாத்துச் சொன்னேன்.”

“என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க.”

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். “பூச்சாண்டி, வா. இவனப் பிடிச்சுக்கிட்டுப் போ.”

“ஒருநாள் சொன்னீங்களா?”

“தினமும் சொன்னேன்.”

“வந்துட்டாரா?”

“வந்துட்டுது.”

வெளியே ஒரு காகம் கரைந்தது. அவர் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“உச்சி வெயில்ல நம்ம நிழலு நம்ம காலுக்குள்ள கிடக்கும். அந்த நேரத்துல எங்க வாசப்படியில ஒரு நிழலு நீளமா உள்ள விழுது. வெளிய ஆளு இல்ல. எம் பொஞ்சாதி பகவதியும் பாத்தா. கதவப் பூட்டினோம். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுத சத்தம் கேக்குது.”

“பிள்ளை அழுதானா?”

“அழுதாத் தேவலையே. கதவுல கன்னத்த வச்சுக்கிட்டு அதுகிட்டப் பேசுதான். சிரிக்கான். இப்ப எங்க வீட்டுல சிரிக்கது அவன் மட்டுந்தான்.”

நாச்சியார் கீரையை முறத்தில் ஒதுக்கினாள்.

“கூப்பிட்டது நான்” என்றார் அவர். “ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்த பிள்ளை. அது தூக்கிட்டுப் போயிட்டா நான் என்ன செய்வேன்? மந்திரம், தகடு, எதுவானாலும் கொடுங்க.”

அவள் எழுந்து கை கழுவினாள். “உங்க வீட்டுக்குப் போவோம். சோத்து நேரம் ஆகுது.”

*

வீட்டு ஜன்னல்களில் போர்வை தொங்கியது. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. அவர்கள் நுழைந்ததும் ஆவுடையப்பன் கதவைத் தாழிட்டார்.

பகவதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முந்தானை, பிள்ளையின் அரைஞாண் கயிற்றோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. தாணு அந்த முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் பருப்புச் சோறு பிசைந்த தட்டு. அதை அவன் தொடவில்லை.

“வாங்கம்மா” என்றாள் பகவதி. “குரல மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கோங்க.”

“ஏன்?”

“அது கேக்கும்.”

நாச்சியார் கதவைப் பார்த்தாள். அடியில் வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது.

அந்தக் கோடு ஒரு ஓரத்திலிருந்து மெல்லக் கறுத்தது.

விளக்குச் சுடர் கதவுப் பக்கம் சாய்ந்தது. காற்று இல்லை.

“கதவத் திறங்க அண்ணாச்சி.”

“விரட்டத்தானே உங்களக் கூட்டிட்டு வந்தேன்?”

“நான் அவரைக் கூப்பிடலையே.”

ஆவுடையப்பன் நகரவில்லை. நாச்சியார் குனிந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பகவதி அவள் கையைப் பிடித்தாள். பிறகு, ஏனோ, விட்டுவிட்டாள்.

நாச்சியாரே போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளிச்சம் உள்ளே விழுந்தது. அதன் நடுவில் அந்த நிழல், சோற்றுத் தட்டுவரை நீண்டு கிடந்தது. தெரு வெறிச்சோடியிருந்தது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

தாணு எழுந்து தத்தித் தத்தி வாசலுக்கு நடந்தான்.

ஆவுடையப்பன் பாய்ந்தார். நாச்சியார் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு மெலிந்த கைக்கு அந்தப் பிடி அதிகம்.

பிள்ளை நிழலின் காலடியில் நின்றான். தலையை அண்ணாந்தான். இன்னும் அண்ணாந்தான். பின்னால் விழப்போகும் அளவுக்கு அண்ணாந்து, மேலே எதையோ பார்த்தான்.

“யாயு?” என்றான். ‘யாரு’ அவன் வாயில் அப்படித்தான் வரும்.

விரலை மேலே நீட்டினான்.

“யாயு?”

பதில் வராதது அவனுக்குப் பெரிய விஷயமாக இல்லை. திரும்பி வந்தான். தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு இழுத்துப் போனான். பாதிச் சோறு வழியில் சிந்தியது. படியருகே பொத்தென்று உட்கார்ந்தான்.

நிழல் மடங்கியது. குறுகியது. அதுவும் உட்கார்ந்தது.

தாணு ஒரு பிடி சோற்றை அள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் நீட்டினான்.

“ஆ” என்றான்.

கையை விரித்தான். சோறு கீழே விழவில்லை.

பகவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த பிடி தாணுவின் வாய்க்குப் போனது. அதற்கடுத்தது மறுபடியும் எதிரே. தினமும் ஒரு கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அழுகிறவன், இப்போது மென்று விழுங்கினான். நடுவில் எழுந்து, சோற்றுக்கையை எதிரே இருந்த ஏதோ ஒன்றில் துடைத்தான். அது பொறுத்துக்கொண்டது. அவன் சிரித்தான்.

அப்போது ஒரு குரல் கேட்டது. வெயிலில் மரம் வெடிப்பதுபோல வறண்ட குரல். ஆனால் மரியாதை இருந்தது.

“பிடித்துக்கொண்டு போகட்டுமா?”

பகவதி தன் முந்தானையை இறுகப் பிடித்தாள்.

“அண்ணாச்சி, உங்களத்தான் கேக்காரு” என்றாள் நாச்சியார். மணிக்கட்டை விட்டாள்.

ஆவுடையப்பன் வாசலுக்குப் போனார். ‘போ’ என்று அதை விரட்ட வாயெடுத்தார்.

தாணு திரும்பி அப்பாவைப் பார்த்தான். கையிலிருந்த சோற்றை அவரிடம் நீட்டினான்.

“ஆ.”

எதிரே இருந்ததிடம் காட்டிய அதே முகம். அதே சிரிப்பு. அவரையும் அதையும் அவன் வேறாகப் பார்க்கவில்லை.

ஆவுடையப்பன் மெல்ல உட்கார்ந்தார். அவர் தோள் எதிலோ பட்டது. குளிர்ந்திருந்தது. அவர் தோளை விலக்கிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து பிள்ளை தந்ததை வாங்கிக்கொண்டார். மென்றார். விழுங்கினார்.

பிறகு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சொன்னார்:

“இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

நிழல் எழுந்திருக்கவில்லை.

பகவதி எழுந்தாள். அடுக்களைக்குள் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. உள்ளிருந்தே அவள் கேட்டாள்:

“ஏங்க, அவங்களுக்குச் சோத்துல உப்பு சேருமான்னு கேளுங்க.”