கூட வந்தவர் யார்?

தணிகைவேல் பதினோரு மாதம் உழைத்து அந்தத் திரையை உருவாக்கினார்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்வதற்கான தொடுதிரை அது. பழைய கறுப்புத் திரையையும் கீபோர்டையும் எடுத்துவிட்டு அதை வைத்தார்கள். நான்கு நிமிட வேலை ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. மேலிடத்தில் கைதட்டினார்கள். பதிவுக் கவுன்ட்டரில் இருந்தவர்களோ அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் அவர் வந்து உட்கார்ந்தால், அந்த மேசை மெல்லக் காலியாகும்.

ஞாயிற்றுக்கிழமை சிறுமலை அடிவாரத்துக்குப் போனார். அங்கே ஓட்டு வீடு ஒன்றில் வசித்த உலகம்மைதான் அவருடைய குரு. வயதில் அவரைவிடப் பதினைந்து ஆண்டு இளையவர்.

"புதியது என்றால் மனிதர்களுக்கு ஏன் இவ்வளவு பயம், அம்மா?"

"யாருக்குப் பயம்?"

"எஸ்தர் பாக்கியம் என்று ஒருத்தி. பதினெட்டு வருஷமாகப் பதிவில் இருந்தவள். பழையதையே கொடுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முடியாது என்றதும் திரையைத் தொடவே மறுத்துவிட்டாள். இப்போது கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளோடு இருக்கிறாள்."

"யார் அனுப்பியது?"

தணிகைவேல் தயங்கினார். "நான்தான் அனுப்பச் சொன்னேன்."

குரு கையை நீட்டினார். "அந்தத் திரை உங்களிடம் இருக்கிறதா?"

பையிலிருந்த டேப்லெட்டில் அதைத் திறந்து கொடுத்தார்.

"நான் பதிவுக்காரி. நீங்கள் நோயாளி. கேட்பதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்."

தணிகைவேலுக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றார்.

"பெயர்?"

சொன்னார். குருவின் விரல் கண்ணாடியின்மேல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் போனது.

"வயது?"

"ஐம்பத்தொன்று."

"என்ன தொந்தரவு?"

"தூக்கம் வருவதில்லை."

"தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை. இதோ. எவ்வளவு காலமாக?"

"இரண்டு வருஷமாக. என் மனைவி போனதிலிருந்து." இதை இதுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை. "வீட்டுக்குள் நுழைந்ததும் டி.வி.யைப் போட்டுவிடுவேன். என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும்."

"நாள், வாரம், மாதம்... வருஷம் எங்கே? கீழே இருக்கிறது. கூட வந்தவர் யார்?"

"யாரும் இல்லை."

"காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லையே."

அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவர் தணிகைவேல்தான். "ஒரு கோடு போட்டுப் பாருங்கள்."

"கோட்டையும் ஏற்கவில்லை. ஏதாவது ஒரு பெயர் சொல்லுங்கள்."

தணிகைவேல் வாயைத் திறந்தார். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்து போனார்கள். கூட வரக்கூடியவர் என்று அவர்களில் ஒருவர்கூட இல்லை. எதிரே குருவின் தலை வகிடு மட்டும் தெரிந்தது. கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"செண்பகம்" என்றார் கடைசியில். அது இறந்துபோன மனைவியின் பெயர்.

குரு அதைப் பதிந்தார். திரை பச்சையாக ஒளிர்ந்தது.

"முடிந்தது" என்று டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

தணிகைவேல் அதை வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். கட்டுக் கட்டாகக் கோப்புகள். நடுவில் எஸ்தர். என்ன பேசுவது என்று படியிறங்கும்போதே யோசித்து வைத்திருந்தார். அதற்குள் எஸ்தர் எழுந்து வந்தாள்.

"என்ன சார், ராத்திரி தூங்கலையா? முகமே சரியில்லையே. முதல்ல உட்காருங்க."

உட்கார்ந்தார். யோசித்து வைத்தது எல்லாம் மறந்துபோயிருந்தது.

"எஸ்தரம்மா, மேல இருந்தப்ப எதைப் பார்த்துக்கிட்டு டைப் அடிப்பீங்க?"

"வந்த ஆளைத்தான் சார். எந்த எழுத்து எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும். கண்ணுக்கு அங்க வேலை இல்ல. யாரு பயந்துபோய் வந்திருக்கா, யாரு வலியை மறைக்கிறான்னு பார்த்துக்கிட்டே அடிச்சிடுவேன். இந்தக் கண்ணாடியில எழுத்தைத் தேடினா, குனிஞ்ச தலை நிமிர முடியாது." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "இதைத்தானே சார் எழுதிக் கொடுத்தேன். நீங்க படிக்கலையா?"

அவர் படித்திருக்கவில்லை.

நான்கு நாள் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். ஒரே ஒரு கவுன்ட்டருக்குக் கீபோர்டு திரும்பி வந்தது. எஸ்தர் அதில் போய் உட்கார்ந்தாள். அந்த வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. கூட வந்தவரைக் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டாலும் திரை இப்போது நகர்ந்தது. கேன்டீனில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. தணிகைவேல் தனியாகவே சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் குருவிடம் சொன்னார். குரு கேட்டுக்கொண்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை.

"ஒன்றுதான் உறுத்துகிறது, அம்மா."

"சொல்லுங்கள்."

"அன்றைக்கு உங்கள் எதிரில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை."

உலகம்மை அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பார்க்கத்தான் நினைத்தேன். நீங்கள்தான் விடவில்லை."