பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் பூசை முடிந்ததும் உபதேசியார் தஸ்நேவிஸ், சாமியார் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்திய சத்தத்திலேயே அவர் கோபம் தெரிந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, அன்றைக்குச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியலை முப்பது வருஷமாக எழுதுகிறவர் தஸ்நேவிஸ். ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயரை எழுதி எழுதியே தலை நரைத்துவிட்டது. இந்த வருஷம்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பன்னிரண்டாவதாகத் தன் பெயரை எழுதினார். காலையிலிருந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கால் தேய்த்தார். குதிகால் வெடிப்புக்கு எண்ணெய்கூடத் தடவினார்.

துவாலை எடுக்க எழுந்து போனார், அவ்வளவுதான். திரும்பி வந்தால் அவர் நாற்காலியில் உப்பளத்துக்காரி மகள் அமலி! முழங்கால் வரை அளத்துச் சேறு. சாமியார் அந்தக் காலைக் கழுவி, இவர் கொண்டுவந்த துவாலையாலேயே துடைத்தும் விட்டார்.

"நான் கேக்கேன் சாமி, இது கோயிலா, கொளத்தங்கரையா?"

சாமியார் ரெமிஜியுஸ் பூசை உடையைக் கழற்றி மடித்தார். வயதில் உபதேசியாருக்குத் தம்பி மாதிரி. ஆனாலும் வேதத்தில் சந்தேகம் வந்தால் உபதேசியார் அவரிடம்தான் போய் நிற்பார்.

"'ஏளா, கொழாயடியில கழுவிட்டு வரக்கூடாதா?'ன்னு அவகிட்ட கேட்டேன். ஏழு வயசுக் கழுத, என்ன சொல்லிச்சு தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"'கழுவிட்டு வந்தா சாமி எதக் கழுவுவாரு?'ன்னு என்கிட்டயே திருப்பிக் கேக்கா! வாய்க்கொழுப்பு! பதினோரு பேர் கால் வச்சும் தண்ணி தெளிஞ்சு கெடந்துச்சு. இவ ஒருத்தி வச்சதும் சேறாப் போச்சு. ஊரே பாத்துச்சு!"

"நானும் பாத்தேன்." சாமியாரின் குரலும் உயர்ந்தது. "அஞ்சு வருஷமா இந்த ஊர்ல முழங்கால் போடுதேன் உபதேசியாரே. ஒரு வருஷமாவது அந்தத் தண்ணி கலங்கிச்சா? எல்லாரும் வீட்லயே கழுவி, பவுடர் போட்டுட்டு வந்து நீட்டுதாங்க. எனக்கு அங்க என்ன வேல?"

உபதேசியாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"முப்பது வருஷம் காத்துக் கெடந்தவன் நான். எனக்கு எடம் இல்லையா?"

சாமியார், பாதம் கழுவிய பாத்திரத்தை மூலையிலிருந்து எடுத்து, சேற்றுத் தண்ணீரை வெளியே கொட்டினார். நல்ல தண்ணீர் பிடித்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முன்னால் முழங்காலிட்டார்.

"இருக்கு. உக்காருங்க."

உபதேசியாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு காலை நீட்டினார். அறை முழுக்க சோப்பு வாசனை.

சாமியார் அந்தக் காலைத் தொடவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"இது கழுவினது. கழுவாதது எங்க இருக்குன்னு காட்டுங்க. அந்தப் பிள்ள காட்டுச்சுல்லா, அது மாதிரி."

உபதேசியார் நீட்டிய காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.