அக்கரைக் குவியல்

மலையடிவாரத்தில் ஓடையோரம் ஒரு காட்டில், பனிக்காலம் வந்தால் விலங்குகள் எல்லாம் ஓர் எருக்குவியலை நம்பித்தான் இருந்தன. யானை லத்தியும் காய்ந்த சருகும் சேர்ந்த பெரிய குவியல் அது. உள்ளே மக்க மக்கச் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில்தான் உடும்பு தன் முட்டைகளைப் புதைத்திருந்தது.

ஊர் சுற்றும் மைனா ஒரு காலையில் பறந்து வந்தது.

"சேதி தெரியுமா? அக்கரைக் காட்டுக் குவியல் இந்த வருஷம் இரண்டு மடங்காகிவிட்டது! மலைக்கு அப்பால் ஒன்றரை மடங்கு. உங்களுடையது ஒரு சாண் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்!"

காட்டுக்குத் தலைவனான மந்திக்கு வால் விறைத்தது.

"நாம் கடைசியா? இன்றே இரட்டிக்க வேண்டும். கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுங்கள்!"

"மந்தியண்ணே, அக்கரைக் குவியல் முன்பு எவ்வளவு இருந்ததாம்?" என்று கேட்டது உடும்பு.

"அவர்கள் ஓடுகிறார்கள், நீ உட்கார்ந்து கேள்வி கேள்! தள்ளி நில்."

"பச்சை இலையை அமுக்கிப் போட்டால் குவியலுக்கு மூச்சு முட்டிக் குளிர்ந்துவிடும் அண்ணே. உள்ளே என் பிள்ளைகள்!"

யாரும் காதில் வாங்கவில்லை. சருகு தீர்ந்ததும் பச்சைக் கிளைகளை ஒடித்துப் போட்டார்கள். பிறகு குளத்துச் சேற்றையும் அப்பினார்கள். குவியல் யானை உயரம் எழுந்தது.

பொழுது சாய்ந்தது. வாடைக்காற்று வீசியது. குவியலிலிருந்து வழக்கமாக எழும் ஆவியைக் காணோம். புளித்த வாடைதான் வந்தது. உடும்பு பதறிப்போய்த் தோண்டியது. தோண்டத் தோண்ட ஈர இலை சரிந்து மூடிக்கொண்டது.

"யாராவது கை கொடுங்களேன்!"

"தொடாதே! அளவு குறைந்துவிடும்!" என்று சீறியது மந்தி.

அப்போது அக்கரையிலிருந்து ஒரு முயல் நடுங்கிக்கொண்டே வந்தது. வாயில் கவ்வியிருந்த குட்டியைக் கீழே வைத்தது.

"ஐயா, குட்டி விறைக்கிறது. உங்கள் குவியலில் கொஞ்சம் இடம் கொடுங்கள்."

"உங்களுடையதுதான் இரண்டு மடங்காயிற்றே!" என்றது மந்தி.

"ஆமாம் ஐயா. போன வருஷம் ஒரு பலாப்பழம் அளவு இருந்தது. இந்த வருஷம் இரண்டு பலாப்பழம் அளவு."

மந்தி குவியலுக்குள் கையை விட்டது. சில்லென்றிருந்தது. இரண்டு கைகளாலும் இலைகளை வாரி எறியத் தொடங்கியது. மற்ற விலங்குகளும் ஓடி வந்தன.

அடியாழத்தில், முட்டைகளைச் சுற்றி, கொஞ்சம் சூடு மிஞ்சியிருந்தது. இரண்டு பலாப்பழம் அளவுதான். உடும்பு அதன்மேல் படுத்து முட்டைகளை அணைத்துக்கொண்டது. பக்கத்தில் முயல்குட்டியை நகர்த்திப் படுக்க வைத்தார்கள்.

மந்தி வெளியே பனியில் நின்றது.

நீதி: எத்தனை மடங்கு வளர்ந்தது என்று மயங்காதே, எவ்வளவிலிருந்து வளர்ந்தது என்று கேள்.