சீராயிக்கு வைத்த சுமைதாங்கி

உப்பளத்திலிருந்து சந்தைக்குப் போக ஒரே ஒரு மண்பாதை இருந்த காலம் அது, கேளுங்கள். அப்போது எந்த அரசன் ஆண்டான் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்வதில்லை.

அந்தப் பாதையில் உப்புக்கூடை சுமந்து மகனை வளர்த்தாள் சீராயி. மகன் திருமேனி வெளியூர் போய்ப் பெரிய உப்பு வணிகன் ஆனான். "இனி நீ சுமக்க வேண்டாம் அம்மா" என்று சொல்ல வண்டி கட்டிக்கொண்டு வந்தான். வந்து சேருமுன், அவள் பாதையில் கூடையோடு விழுந்து இறந்துபோனாள்.

அன்று முதல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான். எழுந்தால் நடந்தான். நடந்தால், எங்கே போகிறோம் என்று தெரியாமல் நின்றான்.

முதல் திதிக்கு ஊரைக் கூட்டிச் சோறு போட்டான். எல்லோரும் உண்டார்கள், அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த திதிக்குக் கோயிலுக்கு வெண்கல விளக்குக் கொடுத்தான். விளக்கு அசையாமல் எரிந்தது. அவனால் அதன்முன் நிற்க முடியவில்லை. மூன்றாம் திதிக்கு, அம்மா விழுந்த இடத்தில் ஒரு சுமைதாங்கி வைக்க நினைத்தான்.

சுமைதாங்கி என்றால் இரண்டு கல்தூண், மேலே ஒரு குறுக்குக்கல். தலைச்சுமையோடு வருகிறவர் கைகொடுக்க ஆள் தேடாமல், சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம்.

"எவ்வளவு உயரம் ஐயா?" என்று கேட்டான் கல்தச்சன் குப்பாண்டி.

"என் அம்மாவின் கல் மற்ற எல்லாக் கல்லையும்விட உயரமாக நிற்கட்டும். அவள் பெயரை மட்டும் தூணின் அடிப்பக்கத்தில் வெட்டு. உட்காருகிறவர் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும்."

கல் நின்றது. வாழ்த்தைக் கேட்கும் ஆசையில் திருமேனி பக்கத்துப் புளியமரத்தடியில் காத்திருந்தான்.

உப்புக்காரிகள் வந்தார்கள். முன்னால் வந்த காத்தாயி குறுக்குக்கல்லைப் பார்த்தாள். நுனிக்காலில் எம்பினாள். எட்டவில்லை.

"யாருக்கடி இந்தக் கல்? யானை வந்து இறக்கி வைக்கவா?"

பின்னால் வந்தவள் சிரித்தாள். "எந்தச் சீமாட்டி பெயருக்கு வைத்ததோ! ஒருநாளாவது கூடை சுமந்தவள் வீட்டுக் கல்லா இது?"

திருமேனிக்கு நெஞ்சில் அடித்தாற்போல் இருந்தது. எழுந்து ஓடிவந்தான்.

"அக்கா, அந்தக் கூடையை என் தலையில் வையுங்கள்."

"கழுத்து ஒடிந்தால் என்னைக் கேட்கக் கூடாது, தம்பி."

கூடையோடு நடந்தான். உப்புநீர் பிடரியில் வழிந்து எரிந்தது. கல்லருகே வந்து இறக்கப் பார்த்தான், அவனுக்கே எட்டவில்லை. கூடையை இறக்க வழியில்லாமல் நின்றவனைப் பார்த்துக் காத்தாயி சிரிப்பை நிறுத்தினாள். இரண்டு பேராகக் கூடையை இறக்கிவிட்டார்கள்.

"எந்த உயரம் சரி, அக்கா?"

அவள் தன் காதுக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள். அம்மா எவ்வளவு உயரம் இருந்தாள் என்று அவன் நினைத்துப் பார்த்தான். சொல்லத் தெரியவில்லை.

குப்பாண்டியை அழைத்தான். "மேலே வெட்டினால் குறுக்குக்கல் உட்காரும் பொருத்து போய்விடும். தூணைக் கீழே இறக்கலாம். ஆனால் அம்மா பெயர் மண்ணுக்குள் போகுமே ஐயா" என்றான் அவன்.

திருமேனி கல்லைச் சுற்றி வந்தான். எழுத்தைத் தடவினான். மறுபடி சுற்றினான். தடவினான். மூன்றாம் முறை தடவவில்லை.

"இறக்கு."

பெயர் மண்ணுக்குள் போனது.

மறுநாள் குப்பாண்டி உளியோடு வந்து நின்றான். "பெயரை மேலே மறுபடி வெட்டட்டுமா?"

அப்போது உப்புக்காரிகள் வந்தார்கள். காத்தாயி கூடையைக் கல்லில் நகர்த்தி, கழுத்தை நிமிர்த்தி, "அம்மா!" என்று பெருமூச்சு விட்டாள். அடுத்தவளும் இறக்கி, "அம்மா!" என்றாள். அவளுக்கு அடுத்தவளும்.

"வேண்டாம்" என்றான் திருமேனி. "அவளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வெகுநேரம் எழவே இல்லை.

இதிலிருந்து அறிவது: பெற்றவர் நினைவுக்குச் செய்யும் தர்மம் அவர் பெயர் தெரியும்படி இருப்பதைவிட, தேவைப்படுகிறவருக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.