கக்கூஸ் சாவி

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கக்கூஸ் ஒன்றே ஒன்று. சாவி மேனேஜர் குப்புராஜ் இடுப்பில். எந்தப் பெண் போய்க் கேட்டாலும், கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" என்பார் அந்த மகராசன். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. மத்தியானமானால் தலை கிறுகிறுக்கும், தையல் கோணிக்கொண்டு ஓடும்.

"காலையில நேரா வர்ற தையல் மத்தியானம் ஏன் கோணுது? நாளைக்கும் கோணுச்சுன்னா அத்தனை பேரும் வீட்டுக்குப் போங்க!" என்று குதித்தார் குப்புராஜ்.

டெய்லர் மயிலாத்தா எழுந்தாள். "நேரா வருமுங்க. நாளைக்கு ஒரு நாள் அந்தச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

"சாவியா தைக்கப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மறுநாள் பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்கள். சாவி சத்தமில்லாமல் கைமாறிக்கொண்டிருந்தது. மத்தியானம், இரண்டு இளநீர் குடித்திருந்த குப்புராஜ் நெளிந்துகொண்டே வந்து கையை நீட்டினார்.

மயிலாத்தா மெஷினை நிறுத்தினாள். எல்லா மெஷினும் நின்றன.

"ஒண்ணுக்குங்களா, ரெண்டுக்குங்களா?"

குப்புராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"சொல்லக் கூச்சமா இருக்குதுங்களா? எங்களுக்கும் அப்படித்தானுங்க" என்று சாவியைக் கொடுத்தாள்.

அன்று மத்தியானத் தையல் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. மறுநாள் கக்கூஸ் கதவில் பூட்டே இல்லை. தையலைப் பார்க்க வந்த குப்புராஜ்தான் தலை நிமிரவில்லை.