ஆற்று நடுவில் நின்ற மான்குட்டி

தேக்கங்காட்டில் முள்ளாண்டி என்றொரு முள்ளம்பன்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தது. உதிர்ந்த தன் முள்தான் பேனா, கள்ளிப்பழச் சாறுதான் மை. எழுதிய தேக்கிலைகள் குகைக்குள் கட்டுக்கட்டாகக் குவிந்திருந்தன. அந்தக் காட்டில் அதுவரை யாரும் நாவல் எழுதியதில்லை. அதனால் முள்ளாண்டிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தாயைத் தேடிப் போகும் ஒரு மான்குட்டியின் கதை அது. மாலையானால் குகை வாசல் புதரிலிருந்து ரீங்காரன் என்ற சில்வண்டு பாடும். பாட்டு காதில் விழுந்ததும் முள்ளாண்டியின் கை தானாக ஓடும். பாட்டு வேகமெடுத்தால் கதையில் மான்குட்டியும் துள்ளி ஓடும். பாட்டு இழைந்தால் குட்டி தாயை நினைத்து அழும். எழுதுகிற முள்ளாண்டியும் கூடவே அழும்.

ஒருநாள் கதையில் மான்குட்டி ஆற்று வெள்ளத்தில் இறங்கிவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் அது தவித்துக்கொண்டிருந்தபோது முள்ளாண்டிக்குப் பசி வந்துவிட்டது. எழுதுவதை அப்படியே விட்டுவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டது.

மறுநாள் மாலை பேனாவும் கையுமாக உட்கார்ந்தது. பாட்டு வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் வரவில்லை. முள்ளாண்டி ஓர் எழுத்துகூட எழுதாமல் புதரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வளையிலிருந்து துள்ளி என்ற முயல் தினமும் வந்து எட்டிப் பார்க்கும். போன மழையில் அதன் தங்கையை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. முள்ளாண்டி எழுதியதைப் படிக்கக் கேட்டதிலிருந்து அந்தக் கதைக் குட்டிமேல் துள்ளிக்கு உயிர்.

"அண்ணே, குட்டி கரை ஏறிடுச்சா?"

"பாட்டு வரலியேம்மா. பாட்டு இல்லாம நான் எப்படி எழுதுறது?"

"அதுக்காக அது தண்ணியிலேயே கிடக்கணுமா அண்ணே?" என்று கேட்ட துள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது.

முள்ளாண்டிக்குச் சுருக்கென்றது. நேராகப் புதருக்குப் போய் நின்றது.

"ஏன்டா ரீங்காரா, உனக்கு என்ன கேடு? நீ பாடாம என் குட்டி சாகக் கிடக்கு!"

ரீங்காரனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தது. "நல்லா இருக்கே நியாயம்! தாளத்தை நிறுத்தினது நீங்க, திட்டு எனக்கா?"

"தாளமா? நானா?"

"வேற யாரு? நீங்க எழுத ஆரம்பிச்சா உங்க வால் முள்ளெல்லாம் சலசலன்னு ஆடும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் பாடுறதே. திடீர்னு ஒருநாள் பாட்டு நடுவிலேயே எழுந்து போயிட்டீங்க, அப்புறம் சத்தத்தையே காணோம். எனக்கும் ஒரு வரி வரலை. நானும் தினம் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

முள்ளாண்டி மெல்லத் திரும்பித் தன் வாலைப் பார்த்தது. இத்தனை நாள் பாட்டை ரசித்ததே தவிர, அந்த வாலை அது ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. தான் பாட்டுக்குக் காத்திருக்க, ரீங்காரன் தாளத்துக்குக் காத்திருக்க, பாவம், நடுவில் குட்டி நனைந்துகொண்டிருந்தது. முள்ளாண்டிக்கு வெட்கமாகப் போயிற்று.

குகைக்கு வந்து உட்கார்ந்தது. பாட்டு இல்லை. பயமாகத்தான் இருந்தது. 'குட்டி ஒரு காலை எடுத்து வைத்தது' என்று எழுதியது. சப்பென்றிருந்தது. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதியது. அதுவும் சுமார்தான். ஆனாலும் விடவில்லை, அடுத்த வரிக்குப் போயிற்று. அப்போது வால் முள் ஒன்று சலக்கென்றது.

புதரிலிருந்து மெல்லிசாக ஒரு பதில் வந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும்! முள் சலசலக்க, பாட்டு மேலேற, வெள்ளம் குட்டியை இழுக்க, குட்டி எதிர்த்து நீந்த, இலைகள் மளமளவென்று நிறைந்தன. கடைசியில் குட்டியின் குளம்பு கூழாங்கல்லில் பட்டது.

"துள்ளி! ஏறிடுச்சும்மா, கரை ஏறிடுச்சு!"

ஓடிவந்த துள்ளி முள்ளாண்டியின் வாலருகே ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "முதல்ல இருந்து படிங்க அண்ணே. ரீங்காரனையும் பாடச் சொல்லுங்க" என்றது.

வேலையைத் தொடங்கியவரைத் தேடித்தான் இசையும் துணைக்கு வரும்.